குதிகால் உரசுவது எதைச் சொல்கிறது?

கேள்வி: எனக்கு 41 வயது. தஞ்சாவூரில் வங்கியில் வேலை. ஓராண்டாக ரோடு சைக்கிள் ஓட்டுகிறேன். ஞாயிறுதோறும் கும்பகோணம் போய்த் திரும்புவேன், சுமார் 80 கிலோமீட்டர். மூன்று மாதங்களுக்கு முன் க்ளீட் (ஷூவின் அடியில் திருகி, பெடலில் பூட்டும் கட்டை) பொருத்தும் ஷூவும் அதற்கேற்ற பெடலும் வாங்கினேன். அதிலிருந்து இரண்டு தொல்லைகள். திரும்பும் வழியில் பாபநாசம் வருவதற்குள் வலது பாதத்தின் நடுவிரல்களுக்குக் கீழே நெருப்பு வைத்ததுபோல எரிகிறது, பிறகு மரத்துப்போகிறது. வீடு சேரும்போது வலது முழங்காலின் வெளிப்பக்கம் குத்துகிறது. வழக்கமாக 38 அளவுக் காலணி போடுகிறவள் நான். ஷூ பக்கவாட்டில் இறுக்கியதால் 40 வாங்கினேன். கடையில் க்ளீட்டை நூல் பிடித்ததுபோல நேராகப் பொருத்தித் தந்தார்கள். வலது குதிகால் உரசி உரசிக் கிராங்கின் (பெடலைத் தாங்கிச் சுழலும் தண்டு) கறுப்பு வண்ணம் போய்விட்டது. ‘மஞ்சள் க்ளீட்டில் கால் ஆடும், சிவப்புக்கு மாற்றினால் குதிகால் உள்ளே வராது’ என்கிறார் கடைக்காரர். மாற்றலாமா? உரசிய இடத்துக்கு என்ன வண்ணம் பூசுவது? 200 கிலோமீட்டர் பிரெவே (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூரச் சைக்கிள் ஓட்டம்) ஓட்ட ஆசை. பேசாமல் பழைய தட்டை பெடலுக்கே திரும்பிவிடலாமா என்றும் தோன்றுகிறது.
— வாசகி, தஞ்சாவூர்

அன்புள்ள சகோதரிக்கு,

சிவப்பு க்ளீட்டுக்கு மாறாதீர்கள். அடுத்த ஞாயிறுக்குள் கடைக்குப் போய்விடுவீர்களோ என்ற கவலையில் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உதவியது, நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த வண்ணம் போன கிராங்க். நான் இயன்முறை மருத்துவர். சைக்கிள் ஓட்டுபவர்களின் உடலுக்கேற்ப வண்டியைச் சரிசெய்து தருவது என் அன்றாட வேலைகளில் ஒன்று. முழங்கால் வலி என்று யார் வந்தாலும், முழங்காலைத் தொடுவதற்கு முன் ஷூவைத் திருப்பிப் பார்ப்பேன். அடுத்து கிராங்கைப் பார்ப்பேன். வலி எங்கே என்று கேட்டால் நாம் தடுமாறிப்போவோம். கிராங்கில் விழுந்த தேய்மானம் தடுமாறாது. உங்கள் வலது குதிகால் மூன்று மாதமாக உள்பக்கம் வரப் பார்க்கிறது. அதாவது வலது பாதத்தின் விரல்கள் சற்று வெளிநோக்கித் திரும்பியிருப்பதுதான் உங்கள் காலின் இயல்பு. அந்த இயல்புக்குக் குறுக்கே நிற்கிறது நேராகப் பூட்டிய க்ளீட்.

மஞ்சள் க்ளீட்டைப் பற்றிக் கொஞ்சம் விளக்க வேண்டும். நீங்கள் வைத்திருப்பது ஷிமானோவின் மூன்று திருகு க்ளீட் என்று எடுத்துக்கொள்கிறேன். அதில் மஞ்சள் 6 டிகிரி அசைவு தரும், நீலம் 2 டிகிரி, சிவப்பு அசையவே விடாது. பெடலில் மாட்டியபடியே குதிகால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எவ்வளவு நகரலாம் என்பதுதான் இந்தக் கணக்கு. மஞ்சளில் நடுவிலிருந்து ஒவ்வொரு பக்கமும் 3 டிகிரி கிடைக்கும். உங்கள் பாதமோ அந்த 3 டிகிரியையும் உள்பக்கமே செலவழித்துவிட்டு, சுவரில் முட்டியதுபோல நிற்கிறது. கால் ‘ஆடுகிறது’ என்று கடைக்காரர் நினைக்கிறார். நான் சொல்வேன், அது ஆட இடமில்லாமல் தவிக்கிறது. இந்த நிலையில் சிவப்பைப் பூட்டினால் குதிகால் உரசுவது நின்றுவிடும், உண்மைதான். ஆனால் பாதம் திரும்ப வேண்டிய அளவையெல்லாம் அதற்கு மேலே உள்ள மூட்டு வாங்கிக்கொள்ளும். அந்த மூட்டு முழங்கால். மடங்குவதற்கும் நீள்வதற்கும் அமைந்த மூட்டு அது. முறுக்குவதற்கு அதனிடம் தாராளம் கிடையாது.

எவ்வளவு முறை என்று பாருங்கள். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் 80 கிலோமீட்டருக்கு நான்கு மணி நேரம். நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால் ஒவ்வொரு காலும் 19,200 முறை மேலும் கீழும் போய்வருகிறது. ஒரு டிகிரி தவறு நடையில் தெரியாது. ஏனென்றால் நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் பாதம் தன்னைத் திருத்திக்கொள்கிறது. பெடலில் பூட்டிய பாதத்துக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. அதே தவறு, அதே இடத்தில், பத்தொன்பதாயிரம் முறை. முழங்காலின் வெளிப்பக்கம் குத்துவது பெரும்பாலும் இடுப்பிலிருந்து தொடையின் வெளிப்பக்கமாக இறங்கும் தடித்த தசைநார்ப் பட்டையின் வேலை. விரல்கள் தம் இயல்பைவிட உள்நோக்கிப் பூட்டப்படும்போதும், பாதம் கிராங்கை ஒட்டி மிகவும் நெருக்கமாக இருக்கும்போதும் அது இழுபடும். உங்களுக்கு இரண்டும் இருக்கின்றன என்பது என் கணிப்பு.

இந்தச் சிக்கல் புதிதும் அல்ல. பனிச்சறுக்குப் பூட்டுகள் செய்துவந்த லுக் என்ற பிரெஞ்சு நிறுவனம் 1984-இல் இந்த வகை பெடலைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. மறு ஆண்டே பிரெஞ்சு சைக்கிள் வீரர் பெர்னார் இனோ அதை மாட்டிக்கொண்டு டூர் டி பிரான்ஸில் வென்றார். ஆனால் அந்தத் தொடக்கக் காலக் க்ளீட்கள் பாதத்தை அசையவிடாமல் பிடித்துக்கொண்டன. அசைவு தரும் க்ளீட்கள் பிறகுதான் வந்தன. அந்த அசைவு வடிவமைப்பில் விடுபட்ட ஓட்டை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முழங்காலை நினைத்து, வேண்டுமென்றே வைத்த இடம் அது.

இனி வேலைக்கு வருவோம். முதலில் உங்கள் பாதத்தின் கோணத்தைக் கண்டுபிடியுங்கள். கால்களைக் கழுவிவிட்டு, துடைக்காமல் சிமென்ட் தரையில் பத்தடி நடந்து பாருங்கள். எப்படி வைக்க வேண்டும் என்று யோசிக்காமல், அடுப்பில் பால் பொங்குகிறது என்று போவதுபோல நடங்கள். ஈரத் தடங்கள் காய்வதற்குள் திரும்பி வந்து பார்த்தால், வலது தடம் இடதைவிட வெளியே திரும்பியிருப்பது கண்ணுக்கே தெரியும். அடுத்து, கால் தரையில் படாத உயரமான மேசையின் விளிம்பில் உட்கார்ந்து, முழங்காலை மடக்கிப் பாதங்களைத் தொங்கவிடுங்கள். வீட்டில் யாரையாவது மேலிருந்து ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். இரண்டிலும் ஒரே கதை தெரிந்தால் அதையே தொடக்கமாக வைத்துக்கொள்ளலாம். இடது கால் நேராகவே இருந்தால் இடது க்ளீட்டைத் தொடவே வேண்டாம். இரண்டு கால்களும் ஒன்றுபோல இருக்கும் மனிதரை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். இரண்டு க்ளீட்களையும் ஒன்றுபோலப் பூட்டும் பழக்கம் மட்டும் கடைகளில் மாறுவதாயில்லை.

க்ளீட்டை எந்தப் பக்கம் திருப்புவது என்பதில்தான் பலரும் குழம்புகிறார்கள். பெடல் எப்போதும் க்ளீட்டை நேராகவே பிடிக்கிறது; ஷூதான் அதைச் சுற்றித் திரும்புகிறது. ஆகவே விரல்கள் வெளியே பார்க்க வேண்டுமானால், ஷூவின் அடியில் க்ளீட்டின் மூக்கைப் பெருவிரல் பக்கமாகத் திருப்ப வேண்டும். முதல் முறை ஒன்றரை, இரண்டு டிகிரி போதும். கண்ணால் பார்த்தால் திரும்பினதா இல்லையா என்று சந்தேகம் வரும் அளவுதான். சரியான இடம் வந்துவிட்டதற்கு அடையாளம் ஒன்று உண்டு: மிதித்துக்கொண்டிருக்கும்போது குதிகாலை உள்ளேயும் வெளியேயும் இலேசாக அசைத்துப் பார்த்தால், இரு பக்கமும் கொஞ்சம் இடம் மீதமிருக்க வேண்டும். ஒரு பக்கம் உடனே முட்டினால் இன்னும் திருப்ப வேண்டியிருக்கிறது.

‘அப்படித் திருப்பினால் குதிகால் இன்னும் அதிகமாகக் கிராங்கில் உரசாதா?’ என்று நீங்கள் கேட்பீர்கள். உரசும். அதனால்தான் கூடவே இன்னொன்றும் செய்ய வேண்டும். க்ளீட்டைப் பக்கவாட்டில் பெருவிரல் பக்கமாக இரண்டு, மூன்று மில்லிமீட்டர் நகர்த்துங்கள். க்ளீட் உள்ளே போனால் பாதம் கிராங்கிலிருந்து வெளியே விலகும். இது தலைகீழாகத் தோன்றும். ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருமுறை பெடலில் மாட்டிப் பாருங்கள், புரிந்துவிடும். அந்த இடமும் போதவில்லை என்றால் பெடலின் தண்டுக்கும் கிராங்குக்கும் நடுவே மெல்லிய வாஷர் போடலாம். தண்டு முழுக்கப் பிடிப்பதற்குப் போதுமான மரை மீதமிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். 4 மில்லிமீட்டர் நீளமான தண்டு கொண்ட பெடல்களும் கிடைக்கின்றன. அவற்றுக்கு இப்போதே பணம் செலவழிக்க வேண்டாம்.

எரிச்சலுக்கு வருகிறேன். இது வேறு கதை. இதற்குக் காரணம் க்ளீட் மட்டும் என்று நான் நினைக்கவில்லை. ஷூவிலேயே தொடங்குகிறது.

சிறுவயதில் வெறுங்காலிலும் செருப்பிலும் நடந்து வளர்ந்த நம்மில் பலருக்குப் பாதம் முன்பக்கம் விசிறிபோல விரிந்திருக்கும், குதிகால் ஒடுங்கியிருக்கும். ரோடு சைக்கிள் ஷூக்களில் பெரும்பாலானவை ஒடுங்கிய முன்பாதத்துக்குச் செய்தவை. அகலம் போதவில்லை என்றதும் எல்லாரும் செய்வதையே நீங்களும் செய்தீர்கள்: நீளத்தைக் கூட்டினீர்கள். ஐரோப்பிய அளவில் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடையே சுமார் 6.7 மில்லிமீட்டர். இரண்டு எண் கூட்டியதில் ஷூ 13 மில்லிமீட்டர் நீண்டது; அகலமோ அதில் கொஞ்சம்தான் கூடியிருக்கும். ஷூ நீண்டபோது அதன் அடியிலுள்ள க்ளீட் துளைகளும் முன்னே போய்விட்டன. உங்கள் பெருவிரல் மூட்டு இருந்த இடத்திலேயே இருக்கிறது. இப்போது நீங்கள் பெடலைப் பந்துபோன்ற அந்த மூட்டால் அழுத்தாமல், அதற்கும் முன்னால், விரல்களின் வேர்ப் பக்கத்தால் அழுத்துகிறீர்கள். விரல்களுக்கு நடுவே ஓடும் நரம்புகளுக்கு மேலே எலும்பு, கீழே வளையாத அடிப்பாகம், பக்கவாட்டில் இறுக்கம். ஒன்பது மணி வெயிலில் பாதம் வேறு வீங்குகிறது. பாபநாசம் வரும்போது எரியாமல் என்ன செய்யும்?

இதை நீங்களே சோதிக்கலாம். ஷூவுக்குள்ளிருக்கும் இன்சோலை வெளியே எடுத்துத் தரையில் வையுங்கள். மாலையில், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரத்தில், சாக்ஸ் போட்டு அதன்மேல் எழுந்து நில்லுங்கள். சுண்டுவிரல் மூட்டு இன்சோலின் விளிம்பைத் தாண்டி வழிந்தால் ஷூ உங்களுக்கு ஒடுக்கம், எண் எதுவாயிருந்தாலும் சரி. அதே இன்சோலை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மூன்று மாத வியர்வையும் அழுத்தமும் உங்கள் விரல் மூட்டுகளின் அச்சை அதில் பதித்திருக்கும். எந்த இடம் அதிகம் கறுத்துப் பள்ளமாகியிருக்கிறதோ அங்கேதான் எரிச்சல் தொடங்குகிறது.

விளிம்பைத் தாண்டி வழிந்தால், மனம் ஒப்பாவிட்டாலும் ஷூவை மாற்றுவதுதான் சரி. ஷிமானோ உட்படச் சில நிறுவனங்கள் அதே நீளத்தில் அகலமான வகையைத் தனியாகச் செய்கின்றன. 38 அல்லது 39-இல் அகல வகையைத் தேடுங்கள். கடைக்கு மாலையில் போங்கள், சைக்கிள் ஓட்டும்போது போடும் சாக்ஸோடு போங்கள், இரண்டு காலிலும் மாட்டிக் கால் மணி நேரம் உட்கார்ந்திருங்கள். இந்த விஷயத்தில் என் கருத்து கறாரானது: ஒடுக்கமான ஷூவை எந்தக் க்ளீட் கோணமும் காப்பாற்றாது. பிரெவே ஓட்டுவதே குறிக்கோள் என்றால், க்ளீட் அடிப்பாகத்துக்குள் அடங்கியிருக்கும் இரண்டு திருகு வகை ஷூவையும் யோசித்துப் பாருங்கள். டீக்கடையிலும், பிரெவே வழியில் நின்று பதிவுசெய்யும் கட்டுப்பாட்டு நிலையத்திலும் வழுக்காமல் நடக்கலாம். அகலமான வகைகளும் அதில் அதிகம். அதற்கு பெடலும் மாற்ற வேண்டியிருக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

இருக்கும் ஷூவிலேயே சில வாரம் ஓட்ட வேண்டுமானால் க்ளீட்டைப் பின்னால் கொண்டுவாருங்கள். ஷூவை மாட்டிக் கட்டிக்கொண்டு, உள்பக்கம் பெருவிரல் மூட்டின் புடைப்பைக் கட்டைவிரலால் தடவிக் கண்டுபிடியுங்கள். அந்த இடத்தில் சிறு துண்டுக் காகித டேப் ஒட்டிப் பேனாவால் கோடு போடுங்கள். வெளிப்பக்கம் சுண்டுவிரல் மூட்டுக்கும் அப்படியே. சுண்டுவிரல் மூட்டு சற்றுப் பின்தள்ளி இருக்கும். க்ளீட்டின் பக்கங்களில் பெடல் தண்டின் நடுவைக் காட்டும் சிறு கோடு உண்டு. அந்தக் கோடு, நீங்கள் குறித்த இரண்டு கோடுகளுக்கும் நடுவில் வர வேண்டும். நீண்ட தூரம் ஓட்டுபவருக்கும் பாதம் எரிபவருக்கும் அதைவிட இன்னும் சில மில்லிமீட்டர் பின்னால் வைத்தால் நல்லது. கெண்டைக்காலின் வேலையும் குறையும். உங்கள் 40 அளவு ஷூவில் க்ளீட்டைத் துளையின் கடைசிவரை தள்ளினாலும் இந்த இடம் எட்டாமல் போகலாம். எட்டவில்லை என்றால் ஷூ அளவு தவறு என்பதற்கு அதுவே இரண்டாவது சாட்சி.

க்ளீட் பின்னால் வந்தால் கால் எட்ட வேண்டிய தூரம் சற்றுக் கூடிவிடும். சீட்டை இரண்டு, மூன்று மில்லிமீட்டர் இறக்கிக்கொள்ளுங்கள். இதை மறந்துவிட்டு, ‘க்ளீட் மாற்றியதும் முழங்காலின் பின்பக்கம் வலிக்கிறது’ என்று வருபவர்கள் அதிகம்.

திருகுவதற்கு முன் பழைய க்ளீட்டைச் சுற்றி ஷூவின் அடியில் மார்க்கரால் கோடு வரைந்துவிடுங்கள். ஒரே ஒரு நிமிட வேலை இது. புதிய இடம் பிடிக்காவிட்டால் வந்த வழியே திரும்பிப் போக இதைவிட்டால் வேறு வழி கிடையாது. திருகுகளுக்குச் சொட்டு கிரீஸ் வைத்து, 5 முதல் 6 நியூட்டன் மீட்டர் இறுக்கம் கொடுங்கள். இறுக்கத்தை அளந்து காட்டும் சாவி இல்லையென்றால் 4 மில்லிமீட்டர் அலன் சாவியைக் கையில் பிடித்து உறுதியாக இறுக்கினால் போதும். மூன்றையும் ஒரே சுற்றில் முடிக்காமல் மாற்றி மாற்றி இறுக்குங்கள். முதல் ஓட்டம் முடிந்ததும் மறுபடி ஒருமுறை பாருங்கள். தளர்ந்த க்ளீட் பெடலை விட்டுக் கழலாது; அது பெடலிலேயே நிற்க, ஷூ மட்டும் திரும்பும். கும்பகோணம் சாலையில் பின்னால் பஸ் வரும்போது அது நேரக் கூடாது.

இத்தனையையும் ஒரே நாளில் செய்யாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். முதல் வாரம் கோணமும் பக்கவாட்டு நகர்வும். இரண்டும் சேர்ந்தே வேலை செய்பவை என்பதால் ஒன்றாகச் செய்யலாம். அய்யம்பேட்டை வரை போய்த் திரும்பிப் பாருங்கள், அதற்கு மேல் வேண்டாம். முழங்கால் அமைதியாக இருந்தால் அடுத்த வாரம் க்ளீட்டைப் பின்னால் தள்ளி, சீட்டை இறக்குங்கள். எல்லாவற்றையும் சேர்த்து மாற்றிவிட்டால், எது குணமாக்கியது, எது கெடுத்தது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஓட்டத்தின்போது எரிச்சல் தொடங்கினால் முன்பக்கப் பட்டையை மட்டும் தளர்த்துங்கள். மேல் பட்டை குதிகாலைப் பிடித்துக்கொண்டால் போதும், விரல்களைக் கட்டிப்போட வேண்டியதில்லை.

பெடலின் பிடிப்பையும் பாருங்கள். பின்பக்கமுள்ள சிறு அலன் திருகைக் குறையும் திசையில் திருப்பினால் கழற்றுவது எளிதாகும். புதிதாக மாறியவர் மிகக் குறைந்த பிடிப்பிலேயே சில மாதம் ஓட்டலாம். கழற்றுவதற்குக் குதிகாலை வெளிப்பக்கம் திருக வேண்டும். பிடிப்பு இறுக்கமாக இருந்தால் ஒவ்வொரு முறையும் அந்த முறுக்கு முழங்காலுக்குத்தான் போகும், ஏற்கெனவே நோகும் அதே முழங்காலுக்கு. நம் சாலையில் இடப்பக்கம்தான் ஓரம். அதனால் இடது காலைக் கழற்றி ஊன்றப் பழகுங்கள்; வண்டி நிற்பதற்குப் பத்தடி முன்பே கழற்றிவிடுங்கள்.

தட்டை பெடலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதில் தலைகுனிய எதுவும் இல்லை. 200 கிலோமீட்டர் பிரெவேக்கு 13 மணி 30 நிமிடம் கொடுக்கிறார்கள். நிற்கும் நேரத்தையும் சேர்த்து மணிக்கு 15 கிலோமீட்டருக்கும் குறைவான சராசரி. அதைத் தட்டை பெடலில் முடிக்க முடியும், விதிகளும் பெடலைக் கேட்பதில்லை. மேலே சொன்னவற்றைச் செய்யும்வரை, வலி வரும் நாளில் தட்டை பெடலுக்கு மாறிக்கொள்ளுங்கள். ஆனால் க்ளீட்டே உங்களுக்கு ஒத்துவராது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அது இன்னும் உங்கள் காலுக்கேற்பப் பொருத்தப்படவே இல்லை.

மருத்துவராகச் சில வார்த்தைகள். ஷூவைக் கழற்றிய பிறகும் மணிக்கணக்கில் மரமரப்பு நீடித்தால், இரவில் படுத்திருக்கும்போது இரு பாதங்களும் எரிந்தால், சைக்கிளைக் குறை சொல்லாமல் ரத்தச் சர்க்கரையைப் பரிசோதியுங்கள். நாற்பதைத் தாண்டியவர் எப்படியும் செய்ய வேண்டிய சோதனைதான். முழங்கால் வீங்கினாலோ, மடக்கியபடி சிக்கிக்கொண்டாலோ, மாடிப்படி இறங்கும்போதே வலித்தாலோ ஓட்டுவதை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். கோணத்தைச் சரிசெய்து மூன்று வாரமாகியும் குத்தல் குறையவில்லை என்றால், கால்களின் நீள வேறுபாட்டையும் இடுப்புத் தசைகளின் வலுவையும் யாராவது நேரில் அளந்து பார்க்க வேண்டும். அதைக் கடிதத்தில் செய்ய முடியாது.

கிராங்குக்கு இப்போது வண்ணம் பூச வேண்டாம். உரசிய இடத்தைத் துடைத்துவிட்டு அதன்மேல் வெள்ளைக் காகித டேப் ஒட்டிவையுங்கள். க்ளீட்டை மாற்றி ஒவ்வொரு ஞாயிறும் ஓட்டிவந்த பிறகு அந்த டேப்பைப் பாருங்கள். கிழிந்திருந்தால் பாதம் இன்னும் வெளியே விலக வேண்டும். க்ளீட்டை மேலும் ஒரு மில்லிமீட்டர் பெருவிரல் பக்கம் தள்ளுங்கள். இரண்டு ஞாயிறு ஓட்டிய பிறகும் டேப் வெள்ளையாகவே இருந்தால், உங்களுக்குப் பிடித்த வண்ணத்தைப் பூசிக்கொள்ளலாம்.